வசாய்க் கோட்டையும் வாழும் கோயில்களும்

மும்பை மாநகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தாருள் வசாய் என்னும் பெயரைக் கேளாதார் இலர். விரார் நோக்கி விரையும் மின்வண்டியில் நாள்தோறும் இடிபட்டுச் சென்று வருவோர் நம்மவருள் பலர். அண்மைப் பத்தாண்டுகளில் அப்பக்கமே வீடு வாங்கிக் குடியமர்ந்தோரும் உளர். எனினும், நிலையத்திற்கு மேற்கே, கழிமுகத்தை ஒட்டிக் கிடக்கும் பழங்கோட்டையைக் கண்டு வந்தோர் மிகச் சிலரே. அக்கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களின் மாதா கோயில்களைக் கருதிப் பார்த்தோர் அவரினும் சிலர். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குதல் வீண்போகாது.

கோட்டை மதிலுக்குள் நின்ற பெருங்கோயில்கள் இன்று கூரையிழந்து, ஆலும் அரசும் வேர்விட்ட சுவர்களாய்க் காட்சியளிக்கின்றன. மதிலுக்கு வெளியே, வாழைத் தோட்டங்களுக்கும் கிணறுகளுக்கும் நடுவே எழுந்த ஊர்க்கோயில்களிலோ இன்றும் மணி ஒலிக்கிறது, விளக்கு எரிகிறது, மக்கள் திரள்கின்றனர். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே சமயத்தாரால் நிறுவப்பெற்றவை. செல்வமும் படைபலமும் உள்ளே இருந்தவற்றுக்கே துணை நின்றன. இருந்தும் உள்ளே இருந்தவை மாண்டன. வெளியே இருந்தவை வாழ்கின்றன. இதற்குக் காரணம் யாது? வசாய்க்குச் செல்வோர் தம் நெஞ்சில் தாங்கிச் செல்ல வேண்டிய வினா இதுவே.

செல்லும் வழி

மேற்கு இரயில்வேயின் வடபால் வண்டியில் ஏறினால், பாயந்தர் நிலையத்தைக் கடந்ததும் வண்டி நீண்டதொரு பாலத்தின்மேல் செல்லும். கீழே விரிந்து கிடப்பது உல்லாசு ஆறு கடலோடு கலக்கும் வசாய்க் கழிமுகம். பண்டு போர்க்கப்பல்கள் நின்ற நீர்ப்பரப்பு இதுவே. அடுத்து நாய்காவ், அதற்கடுத்து வசாய் ரோடு. அங்கு இறங்கி மேற்கு வாயிலில் பேருந்தோ ஆட்டோவோ பிடித்தால், மாணிக்பூர், பாப்டி முதலிய ஊர்களின் வழியே கோட்டையை அடையலாம். 2009-ஆம் ஆண்டு முதல் இவ்வூர்கள் வசாய்-விரார் மாநகராட்சிக்குள் அடங்கியுள்ளன. 2014 முதல் பால்கர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆயினும், அடுக்குமாடிகளுக்கு இடையிடையே பழைய வசாயின் பசுமை இன்னும் எட்டிப் பார்க்கிறது. வாழை, வெற்றிலை, மலர், காய்கறி ஆகியவற்றுக்குப் பேர்பெற்ற மண் இது. வெயிலில் உலர்த்திப் பதப்படுத்திய 'சுகேளி' என்னும் வாழைப்பழம் இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு.

கோட்டை எழுந்த வரலாறு

குசராத்துச் சுல்தானாகிய பகதூர் ஷா, வடக்கே முகலாய மன்னன் உமாயூனின் படையெடுப்பை அஞ்சினான். கடலில் வலிமை பெற்றிருந்த போர்த்துகீசியரின் பகையையும் உடன் தாங்க அவனால் இயலவில்லை. ஆகவே 1534-ஆம் ஆண்டு டிசம்பரில், போர்த்துகீசிய ஆளுநர் நூனோ ட குன்ஹாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, வசாயையும் அதனைச் சார்ந்த தீவுகளையும் ஒப்படைத்தான். அத்தீவுகளுள் மும்பைத் தீவுகளும் அடங்கும் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. அந்நாளில் வசாய் தலைநகர். மும்பையோ அதற்கு அடங்கிய சிறு தீவுத்தொகுதி. 1661-இல் போர்த்துகீசிய இளவரசி காத்தரீனை ஆங்கில மன்னன் இரண்டாம் சார்லசு மணப்பதற்கான ஒப்பந்தத்தில் மும்பை சீதனமாயிற்று. அதன் பின்னரே இரண்டு ஊர்களின் விதியும் மாறத் தொடங்கின.

கோவாவுக்கு அடுத்தபடியாக மதிக்கப்பெற்ற வசாய், போர்த்துகீசியரின் 'வட மாகாணத்தின்' தலைமையிடம் ஆயிற்று. ஏறக்குறைய நூற்றுப் பத்து ஏக்கர் நிலத்தை வளைத்து, பத்துக் கொத்தளங்களுடன் மதில் எழுப்பினர். தரைப்பக்கம் ஒரு வாயில். கடற்பக்கம் ஒரு வாயில். உள்ளே பெருங்குடிப் பிறந்த போர்த்துகீசியரின் மாளிகைகளும் அலுவலகங்களும் மருத்துவமனையும் நிறைந்தன. சுற்றுப்புறச் சிற்றூர்கள் இப்பெருங்குடியினர்க்கு மானியமாக வழங்கப்பெற்றன. ஊரார் உழுதனர், மதிலுக்குள் இருந்தோர் உண்டனர்.

மதிலுக்குள் கண்டவை

தரை வாயிலில் நுழைவோர் முதலில் வியப்பது மதிலின் கனத்தையே. வழி நேரே செல்லாமல் வளைந்து செல்கிறது. கதவை உடைத்து உள்ளே புகும் பகைவர், நேரே பாய இயலாமல் திகைத்து நிற்குமாறு செய்த ஏற்பாடு அது. அதனைக் கடந்தால், மரஞ்செடிகளுக்கிடையே ஒன்றன்பின் ஒன்றாகப் பாழடைந்த கோயில்கள் தோன்றும். பிரான்சிஸ்கன், டொமினிக்கன், அகஸ்டீனியன் துறவியரும் இயேசு சபையாரும் தத்தமக்கெனக் கோயிலும் மடமும் எடுப்பித்திருந்தனர்.

தலைமைக் கோயிலாக விளங்கியது புனித சூசையப்பர் ஆலயம். 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்து, 1601-இல் புதுக்கப்பெற்றது. அதன் மணிக்கோபுரம் மட்டும் உயர்ந்து நிற்கிறது. கோபுரம் உண்டு, மணி இல்லை. மண்டபம் உண்டு; கூரை இல்லை. பீடம் இருந்த இடத்தை வானமே கவிந்து காக்கிறது. பிரான்சிஸ்கன் துறவியர் கோயிலின் தரையில் போர்த்துகீசியப் பெருங்குடியினரின் கல்லறைக் கற்கள் பதிந்துள்ளன. பட்டமும் பதவியும் பொறித்த அக்கற்களின்மீது இன்று பள்ளிச் சிறுவர் ஓடி விளையாடுகின்றனர். அவர்களை விலக்குவதற்கு அக்குடியில் ஒருவரும் இல்லை.

வசாயின் கல் நெடுந்தொலைவு சென்ற கல் என்பதையும் இங்கே கூறுதல் தகும். கோவாவில் புனித சவேரியாரின் உடல் வைக்கப்பெற்றுள்ள பேராலயத்தின் முகப்பிற்கு வசாயிலிருந்தே கருங்கல் கொண்டு செல்லப்பெற்றது. அச்சவேரியாரும் வசாய்க்கு ஒருமுறைக்கு மேல் வந்தவர். தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் 1542 முதல் பரதவரிடையே பணியாற்றிய அப்பெரியார், அங்கிருந்து மேற்குக் கரைக்கு வந்த பயணங்களில் இவ்வூரையும் கண்டார்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. கோயில் எழுப்பியவர்களே கோயில் இடித்தவர்களும் ஆவர். போர்த்துகீசியர் ஆட்சியில் இந்துக்களின் வழிபாட்டிடங்கள் பல அழிந்தன. சமயம் மாறுமாறு அரசின் நெருக்கடியும் இருந்தது. போரிவலியை அடுத்த மண்டபேசுவரர் குகைக்கோயிலை நம்மவர் பலர் கண்டிருப்பர். அச்சிவன் கோயிலே அந்நாளில் மாதா கோயிலாக மாற்றப்பெற்றது. குகையின் மேற்புறம் சிதைந்து நிற்கும் கட்டடங்கள் இதற்குச் சான்று. குடிகளின் உள்ளத்தில் கனன்ற இந்த வருத்தமும், பின்னர் எழுந்த போருக்கு ஒரு காரணமாயிற்று.

வசாய் ஈன்ற மொழியறிஞர்

மதிலுக்குள் உள்ள ஆலயங்களுள் ஒன்று மட்டும் முற்றும் மாளவில்லை. இயேசு சபையார் எடுப்பித்த அவ்வாலயம் இன்று புனித கொன்சாலோ கார்சியா ஆலயம் என்று வழங்கப்பெறுகிறது. பழுது பார்க்கப்பெற்ற அவ்விடத்தில் ஆண்டுதோறும் அவர் பெயரால் திருவிழா நடைபெறுகிறது.

இவர் வரலாறு, பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்கச் சென்ற எவர்க்கும் சுவை தருவதாம். 1550-களின் நடுவில் வசாயில் பிறந்தார். தந்தை போர்த்துகீசியர், தாய் இந்நாட்டவர். இளமையில் இயேசு சபையாரோடு சப்பான் சென்றார். அந்நாட்டு மொழியை அந்நாட்டாரே மெச்சுமாறு கற்றார். சிறிது காலம் வணிகமும் செய்தார். பின்னர் மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் துறவறம் பூண்டு, 1593-இல் சப்பானுக்குத் தூது சென்ற துறவியர்க்கு மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றார். அரசின் சினத்திற்கு ஆளாகி, 1597-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், நாகசாகி நகரில் சிலுவையில் அறையுண்டு மாண்ட இருபத்தறுவருள் ஒருவரானார். 1862-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது.

அவர் கோட்டைத் தலைவர் அல்லர். குருப்பட்டம் பெற்றவரும் அல்லர். துறவியருள் எளிய பணியாளராகவே இருந்தார். கோட்டைக்குள் வாழ்ந்த ஆளுநர்களின் பெயர்களைக் கல்வெட்டில் தேடிப் படிக்க வேண்டியுள்ளது. இவ்வெளியவரின் பெயரையோ வசாய்ச் சிற்றூர்களில் சிறுபிள்ளையும் சொல்லும்.

1739-ஆம் ஆண்டுப் போர்

பேசுவா முதலாம் பாசிராவின் தம்பியாகிய சிமாஜி அப்பா, 1739-ஆம் ஆண்டில் பெரும்படையுடன் வசாயை முற்றுகையிட்டார். முற்றுகை ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்தது. மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தனர். கோட்டைத் தலைவர்களுள் ஒருவர் போரில் மாண்டார். மே மாதத்தில் மதிலில் பெரும்பிளவு உண்டாகவே, போர்த்துகீசியர் பணிந்தனர். மராட்டியர் தரப்பில் மட்டும் ஐயாயிரவர்க்கு மேல் மாண்டும் காயமுற்றும் போயினர் என்று பழைய வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

வென்றவர் தோற்றவரைக் கொன்று குவிக்கவில்லை. ஆயுதங்களோடும் குடும்பங்களோடும் உரிய மரியாதையுடன் வெளியேறப் போர்த்துகீசியர் இசைவு பெற்றனர். தங்கிவிட விரும்பிய கிறித்தவர்க்கு வழிபாட்டுரிமை அளிக்கப்பெற்றது. வெற்றி கிட்டினால் கோயில் எடுப்பதாகச் சிமாஜி நேர்ந்துகொண்டவாறே, வஜ்ரேசுவரி தேவிக்குக் கோட்டை போன்ற மதிலுடன் கோயில் எழுந்தது. தானே, பிவண்டி பகுதித் தமிழர் பலர் வழிபட்டு வரும் திருத்தலமே அது.

கோட்டையின் கதை அத்துடன் முடியவில்லை. 1780-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பின்னர் உடன்படிக்கைப்படி மராட்டியர்க்குத் திருப்பித் தந்தனர். 1802-ஆம் ஆண்டின் இறுதி நாளில், பேசுவா இரண்டாம் பாசிராவ் தம் உரிமையை ஆங்கிலேயர்க்கு அடகு வைத்த உடன்படிக்கையும் இவ்வசாயிலேயே கையெழுத்தாயிற்று. ஒரு கோட்டை, மூன்று பேரரசுகளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்டது. அதனைக் கைக்கொண்டவர் எவரும் அதன் உள்ளே நிலைத்து வாழவில்லை.

மணிகள் எங்கே?

சூசையப்பர் கோபுரம் போன்ற வசாய்க் கோபுரங்கள் வெறுமையாய் நிற்பதன் காரணத்தை இனிக் கூறலாம். மராட்டியப் படை வசாயின் மணிகளை வெற்றிச் சின்னங்களாக எடுத்துச் சென்றது. யானைகள்மீது ஏற்றிச் சென்றதாக மரபுரை. அம்மணிகள் உருக்கப்பெற்றுப் பீரங்கி ஆகாமல், கோயில்களுக்கே காணிக்கையாயின என்பதே இதில் உள்ள சிறப்பு.

நாசிக்கில் கோதாவரிக் கரையில் உள்ள நாரோசங்கர் கோயிலின் மணி அவற்றுள் புகழ் பெற்றது. சோதிலிங்கத் தலமாகிய பீமாசங்கரத்தில் தொங்கும் பெருமணியில் குழந்தை ஏசுவை ஏந்திய மாதாவின் வடிவம் உள்ளது. வாய் நகருக்கு அண்மையில், கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள மேணவலிக் கோயிலிலும் இத்தகைய மணி ஒன்று உண்டு. யாத்திரை செல்லும் நம்மவர், சிவபெருமான் திருமுன் நின்று ஒலிக்கும் அம்மணியைத் தொட்டுப் பார்க்கலாம். கடல் கடந்து வந்து, ஒரு சமயத்தின் கோபுரத்தில் ஒலித்து, மற்றொரு சமயத்தின் வாயிலில் இன்றும் ஒலிக்கிறது அது. அடிப்பதற்கு ஆள் இருந்ததனாலேயே அம்மணிக்கு நா உள்ளது. வசாயிலேயே விடப்பெற்றிருந்தால், கூரையோடு அதுவும் வீழ்ந்திருக்கும்.

மதிலுக்கு வெளியே

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கோட்டையைக் கண்டபின் வந்த வழியே திரும்புங்கள். பாப்டியில் அருள் நிறை அன்னையின் ஆலயம் உள்ளது. வசாய் தனி மறைமாவட்டமாக 1998-இல் அமைக்கப்பெற்றபோது, இவ்வூர்க் கோயிலே அதன் பேராலயம் ஆயிற்று. பாப்டி, ரெமெடி, நந்தாக்கால், மாணிக்பூர் என ஊர்தோறும் இத்தகைய கோயில்கள் உள. இவற்றின் தோற்றம் போர்த்துகீசியர் காலத்தது. கட்டடங்களோ தலைமுறைதோறும் பழுது பார்த்தும் விரித்தும் புதுக்கப்பெற்றவை. பழமை குன்றாத அழிபாடே அழகு என்று கருதுவோர்க்குச் சற்று ஏமாற்றமாய் இருக்கலாம். ஆனால், புதுச் சுண்ணாம்பு பூசப்பெற்ற சுவர், வாழும் வீட்டின் அடையாளம் அன்றோ?

1739-இல் ஆட்சியாளர் கப்பலேறினர். அவரோடு ஐரோப்பியப் பாதிரிமாரும் சென்றனர். மதிலுக்குள் இருந்த ஆலயங்களுக்கு அன்றே விளக்கேற்றுவார் இல்லாது போயிற்று. சிற்றூர்களில் உழுதவரும் மீன் பிடித்தவரும் எங்கே போவர்? நிலமும் கடலும் இங்கே உள்ளன. அவர்கள் தங்கினர், ஆலயமும் தங்கிற்று. இந்நாட்டுக் குருமாரே பணிகளை ஏற்றனர். அரசின் அரவணைப்பு நீங்கியது, மானியம் நின்றது. அதன் பின்னரும் தொடர்ந்த வழிபாடு, அஞ்சியோ ஆதாயம் கருதியோ செய்த வழிபாடாக இருத்தல் இயலாது. தோற்றம் எவ்வாறாயினும், தொடர்ச்சி அம்மக்களுடையதே.

இத்தகைய நிகழ்ச்சி தமிழர்க்கும் புதிதன்று. 1658-இல் தூத்துக்குடியை ஒல்லாந்தர் கைப்பற்றிப் போர்த்துகீசியரை வெளியேற்றினர். ஒல்லாந்தர் வேறு சபையினர்; எனினும் பரதவர் தம் பழைய நெறியை விடவில்லை. பனிமய மாதா கோயிலின் இன்றைய பெருமைக்கு அம்மக்களின் உறுதியே அடிப்படை.

வசாய் மக்களின் மொழியும் கருதத் தக்கது. ஆண்டவர் மொழியாகிய போர்த்துகீசியம் இவ்வூர்களில் பேச்சுமொழியாய் நிலைக்கவில்லை. சில சொற்களே எஞ்சின. கூப்பாரி எனப்படும் கிறித்தவரும் சாம்வேதி அந்தணரும் சமயத்தால் வேறுபட்டவர். ஆயினும் கடோடி அல்லது சாம்வேதி என வழங்கும் ஒரே கிளைமொழியை வீட்டில் பேசுகின்றனர். சமயம் பிரித்தவரை மொழி பிரிக்கவில்லை. ஆலயத்தில் வழிபாடு மராத்தியில் நடைபெறுகிறது. நந்தாக்காலில் பிறந்த பாதிரியார் பிரான்சிசு திப்ரிட்டோ, 'சுவார்த்தா' என்னும் மராத்தி இதழை நெடுங்காலம் நடத்தினார். விவிலியத்தை இனிய மராத்தியில் பெயர்த்துச் சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். 2020-ஆம் ஆண்டில் உஸ்மானாபாத்தில் கூடிய 93-ஆம் அனைத்திந்திய மராத்தி இலக்கிய மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் பெருமையும் அவரைச் சேர்ந்தது. வசாயின் பசுமையைக் காக்கும் இயக்கத்தில் முன்னின்ற அவர், 2024-இல் மறைந்தார்.

அவ்வியக்கத்தின் கவலை இன்றும் தீரவில்லை. பீரங்கியால் அழியாத தோட்டங்களைக் கட்டடங்கள் விழுங்கி வருகின்றன. அக்கட்டடங்களில் வீடு வாங்கியோருள் நாமும் இருக்கிறோம். வாழ இடம் தேடி வந்தவரைக் குறை கூறுதல் எவர்க்கும் எளிதன்று. ஆயினும், எந்தத் தோட்டத்தின் மேல் நம் வீடு நிற்கிறது, அத்தோட்டத்தை வளர்த்தவர் யாவர், அவர் மொழி யாது, திருநாள் யாது என்பவற்றை அறிந்துகொள்ளுதல் நம் கடமை. அயலாரின் விழாவிற்கு ஒருமுறை சென்று கைகூப்பி நிற்பதால் நம் நெறிக்குக் குறைவு நேர்ந்துவிடாது.

நாம் கொள்ள வேண்டுவது

வெளியூரில் வாழும் நாமும் சங்கம் அமைக்கின்றோம், கோயில் கட்டுகின்றோம், பள்ளி நடத்துகின்றோம். கட்டட நிதி திரட்டும்போது நமக்குள்ள ஊக்கம் பெரிது. திறப்பு விழாவில் கூடும் கூட்டமும் பெரிது. அதன்பின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிற்கு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்? நூலகத்தின் பூட்டைத் திறப்பவர் யார்? வசாய்க் கோட்டைக்குள் கல்லுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கனத்த மதிலுக்கும் பஞ்சம் இல்லை. வாரந்தோறும் வந்து அமர்வதற்கு மக்கள் இல்லாது போயினர், அவ்வளவே. மதிலுக்கு வெளியே கல் குறைவு, வருவோர் குறையவில்லை.

குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். மழைக்காலம் கழிந்து, வெயில் கடுமையாகாத நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள திங்கள்கள் ஏற்றவை. குடிநீரும் உணவும் கையோடு கொண்டு செல்க. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடமாதலின், சுவரில் கீறாமலும் குப்பை போடாமலும் இருத்தல் வேண்டும். கோட்டையை முற்பகலில் பார்த்துவிட்டு, மாலையில் பாப்டி ஆலயத்தில் மணி ஒலிக்கும் வேளையில் சிறிது நின்று கேளுங்கள். கூரையிழந்த கோயில்களைக் கண்ட கண்ணுக்கு, அவ்வொலி எதனால் இன்னும் ஓயவில்லை என்பதை யாரும் விளக்க வேண்டுவதில்லை.